எடைக்குப் போட்ட வீடு

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து ஆவடி வண்டி கிளம்பியபோது எதிர் இருக்கையில் ஜன்னலோரம் ஓர் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது. ஏதோ டி.வி. வந்த பெட்டி. நீல நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரில் இந்தியில் பெயர் எழுதியிருந்தது. சொந்தக்காரனுக்கு இருபது வயதிருக்கும். இரண்டு நாள் ரயிலில் வந்த களைப்பு. பெட்டியின் மேல் கையை மடித்துத் தலையை வைத்தவன், பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் தூங்கிவிட்டான். வியாசர்பாடி ஜீவாவில் ஏறிய பூக்கார அம்மா, "பெட்டியக் கீழ வைப்பா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் தானே கூடையோடு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

என் மடியில் ஒரு கோப்பு. அதில் அச்சுக் கலைஞர் ஜரினா ஹாஷ்மியின் படைப்புகளுடைய ஜெராக்ஸ் பிரதிகள். வீடிழந்ததைக் காகிதத்தில் செய்து பார்த்தவர் ஜரினா. அவரைப் பற்றி எழுதலாம் என்று மேசையில் உட்கார்ந்தால் நாலு நாளாக நாலு வரி நகரவில்லை. காகிதமும் புலம்பெயர்ந்தவர்களும் ஒரே தெருவில் கிடைக்கும் இடம் ஏதாவது உண்டா என்று யோசித்தேன். சென்னைக்காரனுக்கு அதில் பெரிய யோசனை தேவையில்லை. அம்பத்தூர் பக்கம் கிளம்பிவிட்டேன்.

வியாசர்பாடியைக் கடக்கும்போதெல்லாம் பர்மா நினைவுக்கு வந்துவிடும். அங்கிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களில் பலர் குடியேறிய பகுதி இது. 1964இல் நே வின் அரசு கடைகளைத் தேசியமயமாக்கியதோடு நிற்கவில்லை; 50, 100 கியாத் நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்தது. மெத்தைக்குள் தைத்து வைத்திருந்த பணம் ஒரே நாளில் வெறும் தாள். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. எழுதப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. காகிதம் என்றதும் கவிதை எழுதுகிற பொருள் என்று நினைக்கிற நமக்கு இந்த இரண்டு தாள்களும் ஞாபகமிருப்பது நல்லது.

வண்டி வில்லிவாக்கத்தில் கொஞ்சம் நின்றது. கோப்பைப் பிரித்தேன்.

ஜரினா 1937இல் அலிகாரில் பிறந்தவர். அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். பிரிவினையின்போது ஜரினாவுக்குப் பத்து வயது. குடும்பம் உடனே போய்விடவில்லை. 1959இல்தான் கராச்சிக்குப் பெயர்ந்தது. கணிதத்தில் பட்டம் வாங்கிய மகள் அதற்கு முன்பே ஒரு தூதரக அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு பாங்காக் போயிருந்தார். பிறகு பாரிஸ், பான், டோக்கியோ, கடைசியில் நியூயார்க். திரும்பி வர அலிகாரில் வீடு இல்லை. 2020 ஏப்ரலில் லண்டனில் இறந்தார். அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் டெல்லி கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய கண்காட்சி நடந்தது.

மரத்தில் செதுக்கி அச்சிடும் கலையில் தேர்ந்தவர் அவர். எழுபதுகளின் கடைசியில் காகிதத்தின் மேல் அச்சடிப்பதைச் சற்று ஒதுக்கிவிட்டு, காகிதத்தையே வார்க்க ஆரம்பித்தார். நார்க்கூழை அச்சில் ஊற்றி, தண்ணீரை ஒற்றி எடுத்து, காயவிட்டு உரிப்பது. நிறம் மேலே பூசுவதல்ல, கூழிலேயே கலப்பது. அதனால் பார்த்தால் காகிதம் என்றே தோன்றாது. ஏதோ பழைய மண்சுவரைப் பெயர்த்து மாட்டியதுபோல இருக்கும். படிக்கட்டு, குளம், சுவர் என்று ஒரு வீட்டுக்குரிய பாகங்கள். மனிதர் ஒருவர்கூட இல்லை. நமக்கும் இந்த வித்தை அந்நியமில்லை. பரணிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை இறங்குகிற கொலு பொம்மைகளில் பாதி காகிதக்கூழ்தான்.

இதே கூழை இன்னொருவரும் பிடித்தார்: சிட்டகாங்கில் 1921இல் பிறந்த சோம்நாத் ஹோர். வங்கப் பஞ்சத்தையும் பிரிவினையையும் கண்ணால் கண்டவர். 1971 முதல் சாந்திநிகேதனில் 'காயங்கள்' என்ற வரிசையைச் செய்தார். களிமண் பலகையைக் கத்தியால் கீறி, சூட்டுக்கோலால் பொசுக்கி, அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, அதன்மேல் கூழை அழுத்தி எடுத்த வெள்ளைத் தாள்கள். மை கிடையாது. வெள்ளையில் வெள்ளைப் புண்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். புலம்பெயர்வு என்று பெயர் வைத்து, கூரையிலிருந்து ஆயிரம் காகிதக் கப்பலைத் தொங்கவிட்டு விளக்குப் போடும் கலை எனக்கு ஒத்துவருவதில்லை. செல்ஃபிக்கு நன்றாக இருக்கும். ஜரினாவிடமும் ஹோரிடமும் அந்த அழகு காட்டும் வேலை இல்லை. கூழுக்கு எவ்வளவு கனம் உண்டோ அவ்வளவுதான் சுமத்தினார்கள்.

பெட்டிக்காரப் பையனும் நானும் பட்டரவாக்கத்தில் ஒன்றாக இறங்கினோம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு இதுதான் நிலையம். பெட்டியைத் தோளில் ஏற்றிவிடக் கை கொடுத்தேன். கனமே இல்லை. உள்ளே துணிதான் போலிருந்தது.

தொழிற்பேட்டை அறுபதுகளில் உருவானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகள். கடைசல், வார்ப்படம், முலாம், அச்சு. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அட்டைப்பெட்டி போடுகிறார். அவர் பட்டறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது கஞ்சி வாசனை. மக்காச்சோள மாவுப் பசை. ஒரு பக்கம் கிராஃப்ட் ரீல் சுழல்கிறது. சூடான பல்லுருளைகள் இரண்டுக்கும் இடையில் புகுந்து வெளியே வரும்போது தாள் நெளிநெளியாக, பாட்டி கட்டிய கொசுவம் மாதிரி வருகிறது. அதன்மேல் பசை, பசைமேல் இன்னொரு தாள். மூன்று ப்ளை, ஐந்து ப்ளை என்று கணக்கு. பலம் முழுக்க அந்த நெளிவில்தான். நெளிவை நசுக்கிவிட்டால் ஐந்து ப்ளையும் அப்பளம் என்றார் நண்பர்.

அங்கே வேலை செய்த ஒன்பது பேரில் ஏழு பேர் பீகார், ஒடிசா. பின்னால் இருந்த அறையை எட்டிப் பார்த்தேன். கட்டில் இல்லை, கழிவாகிப்போன ஐந்து ப்ளை அட்டைகளைத் தரையில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வோர் அட்டையும் ஒருவருடைய படுக்கை. அட்டையின் ஓரத்தில் ஒருவர் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு குதிரை வரைந்திருந்தார். தலைமாட்டில் லேமினேட் செய்த ஆதார் பிரதி. "ரூம்ல தண்ணி வந்தா முதல்ல எதத் தூக்குவீங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். தமிழ் பழகியிருந்த தர்பங்காக்காரர் ஒருவர், "ஆதார். அப்புறம் போன். அப்புறம் அரிசி" என்றார், தேர்வில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல. 2020 ஊரடங்கில் அவர் சென்ட்ரலிலிருந்து சிறப்பு ரயிலில் ஊருக்குப் போனவர். போவதற்குக் கையில் கொடுத்த டோக்கனை இன்னும் வைத்திருக்கிறாராம். எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்தார்.

வெட்டிக் கழித்த துண்டுகளெல்லாம் தெருக்கோடி காயலான் கடைக்குப் போகின்றன. நானும் பின்னாலேயே போனேன். காயல்பட்டினத்துக்காரர்கள் ஆரம்பித்த தொழில் என்பதால் வந்த பெயர் என்பார்கள். இந்தக் கடைக்காரர் அண்ணாச்சிக்குச் சாத்தான்குளம் பக்கம். வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை. தராசுக்குப் பின்னால் காகிதம் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்தது: கார்ட்டன் தனி, நியூஸ் பேப்பர் தனி, நோட்டுப் புத்தகம் தனி, ஆபீஸ் ஃபைல் தனி. வெள்ளைக்கு விலை அதிகம். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பழைய கடிதம், பத்திரம் மாதிரி ஏதாவது வருமா என்று கேட்டேன்.

"வரும் சார். போன மாசம் ஒரு வீட்டக் காலி பண்ணுனாங்க. பெரியவர் இறந்துபோனார். மகன் பெங்களூர்ல. ஒரு ட்ரங்க் பெட்டி நிறைய பேப்பர். பூரா ஜிலேபி எழுத்து. சுழிச்சு சுழிச்சு. தெலுங்குன்னு நெனச்சேன், கடையில இருக்க தெலுங்குப் பையன் இல்லன்னுட்டான். போட்டோ ஒட்டுன சின்ன புஸ்தகம் ஒண்ணு, உள்ள நெறைய சீல் குத்தியிருந்தது."

பர்மிய எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். அங்கே இந்தியர்கள் வைத்திருந்த வெளிநாட்டவர் பதிவுப் புத்தகத்தில் அப்படித்தான் படம் ஒட்டி முத்திரை குத்தியிருக்கும். எனக்குக் கை பரபரத்தது.

"எங்கே அது?"

"மில்லுக்குப் போயிட்டு சார். பதினாலு கிலோ இருந்தது. கிலோ பன்னெண்டு ரூவா."

நூற்று அறுபத்தெட்டு ரூபாய். ட்ரங்க் பெட்டி மட்டும் மூலையில் இருந்தது. அதற்குள் பித்தளைக் குழாய்த் துண்டுகள். மூடியின் உட்புறம் வெள்ளை பெயின்டில் எழுதிய பெயரைச் சுரண்டியிருந்தார்கள். 'ரங்கூன்' மட்டும் தப்பியிருந்தது.

அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தொழில் அது. அந்தத் தாள் மில்லில் ஊறி, கூழாகி, கிராஃப்ட் ரீலாகத் திரும்பி இதே தொழிற்பேட்டைக்கு வந்திருக்கும். காலையில் நான் பார்த்த உருளையில் நெளிந்து போனதில் ஒரு துளி அதுவாகக்கூட இருக்கலாம். கூழின் அருமையைப் பற்றி ரயிலில் அவ்வளவு ரசித்துப் படித்தவனுக்கு அந்தக் கடை வாசலில் கூழ் கொஞ்சம் கசந்தது.

ஆனால் கோப்பில் இன்னொரு தாளும் இருந்தது. ஜரினாவுக்கு ராணி என்று ஓர் அக்கா. பாகிஸ்தானுக்குப் போனவர். பெற்றோர் இறந்தது, வீட்டை விற்றது எல்லாவற்றையும் தங்கைக்கு உருதுவில் எழுதிவைத்தார், அனுப்பவில்லை. நாள் கழித்துத்தான் அவை கைக்கு வந்தன. 2004இல் ஜரினா அவற்றை 'வீட்டிலிருந்து கடிதங்கள்' என்று எட்டு அச்சுகளாகச் செய்தார். அக்காவின் கையெழுத்தை எழுத்து பிசகாமல் உலோகத்தில் எடுத்து அச்சிட்டு, அதன்மேல் கறுப்பாக ஒரு வீட்டின் தரைப்படமோ ஊரின் வரைபடமோ. காகிதக்கூழைக் கையாள இந்தியாவில் அவரளவு தேர்ந்தவர் குறைவு. அவர்கூட அக்கா கடிதத்தைக் கூழாக்கவில்லை. இதை முன்பு பலமுறை பார்த்திருக்கிறேன். பதினாலு கிலோ கணக்கைக் கேட்ட பிறகுதான் அதன் அர்த்தம் பிடிபட்டது.

ஷேர் ஆட்டோவில் அத்திப்பட்டு. குடிசை மாற்று வாரிய அடுக்குமாடிகள். வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிவிட்டது, ஆட்டோக்காரருக்கு மாறவில்லை. கூவம் சீரமைப்பில் கரையிலிருந்து அப்புறப்படுத்த வேண்டியவை என்று கணக்கெடுத்த குடும்பங்களே 14,000க்கு மேல். அத்திப்பட்டு, பெரும்பாக்கம் உட்பட ஊருக்கு வெளியே பல திசைகளில் பிரித்து அனுப்பினார்கள். ஊரில் ஆற்றோரம் ஒரே சந்தில் இருந்தவர்கள் இன்று ஒருவர் சாவுக்கு ஒருவர் வர மூன்று பஸ் மாற வேண்டும்.

தெரிந்த ஆசிரியை ஒருவர் அறிமுகம் செய்ததால் தரைத்தளத்தில் ஒரு வீட்டில் உட்கார இடம் கிடைத்தது. அறுபது வயது அம்மா. டீ வந்தது. நான் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் செய்த ஒரு வேலையைப் பற்றிச் சொன்னேன். போரில் வீடிழந்தவர்களிடம் தாளைக் கொடுத்து, இழந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னார். கட்டடக் கலைஞரை வைத்து அதை அளவோடு திருத்தி வரைய வைத்தார். மூன்றாவதாகத் தானும் அந்த வீட்டைப் பற்றி ஒரு படம் வரைந்தார். இப்படி எண்பது வீடுகள். 2011இல் புத்தகமாக வந்தது. பெயர் 'முற்றுப்பெறாத தோம்பு'. தோம்பு என்றால் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் இலங்கையில் வைத்திருந்த நிலப் பதிவேடு. சர்க்கார் பதிவேட்டில் இனி வராத வீடுகளுக்கு ஒரு பதிவேடு.

"நான் எங்க வரையறது? கையெழுத்தே இப்பதான் போடக் கத்துக்கிட்டேன்" என்றார் அம்மா. பேத்தி கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு சதுரம் போட்டு, நடுவில் கதவு வைத்தாள்.

"அங்க இல்லடி வாசல். ஆத்தப் பாத்து வாசல் வெப்பாங்களா? இந்தாண்ட. பைப்பு பக்கம்."

அழித்துப் போட்டாள். அடுப்பு எங்கே என்று கேட்டாள். "மழையில்லன்னா வெளிய, மழைன்னா உள்ள" என்றார் அம்மா. அதை எப்படி வரைவது என்று பேத்தி யோசித்து, இரண்டு அடுப்பு போட்டு ஒன்றைச் சுற்றிப் புள்ளி வைத்தாள். கட்டில், டி.வி., சாமி படம், துணி காயப்போடும் கயிறு. கொஞ்சம் கொஞ்சமாக அம்மா நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தார். விரலாலேயே தாளில் தேய்த்துக் காட்டினார். முருங்கை மரம் பக்கத்து வீட்டுடையது, ஆனால் காய் இவர்கள் பக்கம். 2015 வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய உயரத்துக்கு ஒரு கோடு. கதவில் அதிகாரிகள் வந்து பெயின்டில் போட்ட எண். அந்த எண்ணை மட்டும் அவர் யோசிக்காமல் சொன்னார்.

கடைசியில் பேத்தி கேட்டாள்: "ஆயா, நான் எங்க படுத்திருந்தேன்?"

"நீ பொறக்கல."

பிறகு பீரோவிலிருந்து பிளாஸ்டிக் கவர் வந்தது. டோக்கன், அலாட்மென்ட் ஆர்டர், பழைய முகவரியில் இருந்த ரேஷன் கார்டின் பிரதி, பணம் கட்டிய ரசீது. நோட்டுத் தாளையும் மடித்து அதே கவருக்குள் வைத்தார். நான் கைப்பேசியில் எடுத்த படம் மட்டும் என்னோடு வந்தது. அதுதான் சரி.

அம்பத்தூர் வந்து மறுபடி ரயில் பிடித்து ஆவடி. கவச வாகனங்களின் ஆங்கிலச் சுருக்கம்தான் ஆவடி என்று எதிரில் இருந்தவர் தன் மகனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லோரும் சொல்கிற கதைதான். கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1961இல். சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட காங்கிரஸ் மாநாடு 1955இலேயே ஆவடியில்தான் நடந்தது. டாங்கிக்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்தது. பையன் நம்பிவிட்ட முகத்தோடு இருந்ததால் குறுக்கிடவில்லை.

பூந்தமல்லி பஸ் பருத்திப்பட்டில் கூவத்தைக் கடக்கிறது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நாணலும் கொக்கும். திருவேற்காடு, மதுரவாயல், கோயம்பேடு எல்லாம் தாண்டித்தான் அது நாம் மூக்கைப் பொத்துகிற கூவம் ஆகிறது. அத்திப்பட்டு அம்மாவை இந்த ஆற்றுக்காகத்தான் எழுப்பினார்கள். பஸ் ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிட்டது.

பூந்தமல்லிக்குப் பூவிலிருந்து பெயர் வந்தது என்பார்கள்; திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். ஆனால் தொண்ணூறுகளில் ஈழத்திலிருந்து வந்தவர்களிடம் பூந்தமல்லி என்று சொல்லிப் பாருங்கள், மல்லிகை ஞாபகம் வராது. ஆட்களை அடைத்துவைத்த சிறப்பு முகாம்தான் வரும். தமிழ்நாட்டு அகதி முகாம்களுக்கு 2021இல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். பல பேருக்கு வர வேண்டிய குடியுரிமைத் தாள் இன்னும் வரவில்லை.

தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் வரிசையாக ஜெராக்ஸ் கடைகள். எல்லோர் கையிலும் அதே பிளாஸ்டிக் கவர். கைப்பேசியிலிருந்த படத்தை அனுப்பி ஒரு பிரதி எடுக்கச் சொன்னேன். கடைக்காரத் தம்பி இயந்திரத்திலிருந்து வந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் இது, வீட்டு பிளானா? அப்ரூவல் வாங்கினதா?"

இல்லை என்றேன். மூன்று ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் ஜிலேபி எழுத்தோ சிங்கள முத்திரையோ உள்ள தாள், கப்பல் சீட்டு, முகாம் அட்டை, டோக்கன், யாரோ அனுப்பாமல் வைத்த கடிதம் ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே ஒருமுறை காட்டிக் கேளுங்கள். அண்ணாச்சியிடமும் என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்; வந்தால் கூப்பிடுகிறேன் என்றார், கிலோ பதினைந்து என்று பேசி முடித்தோம்.